பக்கத்து நாற்காலியின் தயவில் ஒரு பிள்ளை உயிர்

மன்றத்தின் நடுவே மாண்போடு வீற்றிருக்கும் தலைவர் அம்மா அவர்களே, தையல் எந்திரத்தை மிதித்த காலோடு கடையைப் பூட்டிவிட்டு நேராக மேடைக்கு வந்திருக்கும் எங்கள் சங்கத்தின் தாயே! அழைத்த மாத்திரத்தில் மறுக்காமல் வந்து அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்த பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கைப்பையில் மாத்திரையுமாக, இரண்டு பேருந்து மாறி வந்து உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! இடம் இருந்தும் உட்காராமல் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் தகப்பன்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

நான் பேருந்து ஓட்டியவன். காது மந்தமான பிறகு, பணிமனை வாசலில் நின்று வண்டிகளை வழியனுப்புகிறவன். தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியக் கத்திப் பழகியவன். என் காதில் கருவி இருப்பது உங்களுக்குத் தெரிகிறது. ஆகவே, "நேரமாச்சு, முடிங்க" என்று யாராவது வாயால் சொன்னால் எனக்குக் கேட்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்றைக்கு என்னை இங்கே ஏற்றியது என் தொண்டைக்காக அல்ல. நான் ஒரு பெண்குழந்தைக்குத் தாய்மாமன், அதற்காக.

நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? மாளிகை கேட்கவா? மானியம் கேட்கவா? மாலை மரியாதை கேட்கவா? இல்லை ஐயா, இல்லை. மைட்டோகாண்ட்ரியா நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோர் சங்கம், பெரிய மருத்துவமனையிடம் ஒன்றே ஒன்று கேட்டது. ஒரு நாற்காலி! நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. காலை வேளையில் அதில் எங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டு, கால் தரையில் பாவாமல் வெளியே வருகிற தாய்க்கு, பக்கத்தில் உட்காரச் சொல்லி நாலு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான் கேட்டோம்.

என்ன பதில் வந்தது தெரியுமா? "இடமில்லை."

இடமில்லையாம்! அந்தக் கூடத்தை நான் பார்த்திருக்கிறேன். மீன்தொட்டிக்கு இடம் இருக்கிறது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் பொறித்த பளிங்குப் பலகைக்கு ஒரு சுவர் முழுக்க இடம் இருக்கிறது. என்றைக்கோ நின்றுபோன கடிகாரத்துக்கு இடம் இருக்கிறது. காசு போட்டால் எடையும் சொல்லி, எதிர்காலமும் சொல்லும் ஒரு எந்திரம் நிற்கிறது. அதற்கும் இடம் இருக்கிறது. பெற்ற வயிறு பற்றி எரிய நிற்கிறவளுக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் உட்கார இடமில்லை என்றால், யாருக்கையா கட்டினீர்கள் அந்தக் கூடத்தை?

தட்டாதீர்கள், பொறுங்கள். கை தட்டினால் என் கருவி கூவுகிறது. கதையைக் கேளுங்கள் முதலில்.

என் தங்கை மகள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். பால் மணம் மாறாத வயதிலிருந்தே அவளுக்குச் சீக்கிரம் களைத்துப்போகும். மற்றப் பிள்ளைகள் படியில் தடதடவென்று ஏறும். இவள் நாலு படி ஏறி உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்லோமோஷன். அங்கே சிரிக்கிற தம்பி, சிரியுங்கள், தப்பில்லை. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் வைத்ததற்கு நான் கோபப்படவில்லை. அதே பெயரைச் சொல்லி, விளையாட்டு வாத்தியார் விசில் ஊதி அவளை இன்னொரு சுற்று ஓட விட்டாரே, அதற்குத்தான் எனக்கு இன்றைக்கும் பல் நறநறக்கிறது.

தங்கை சும்மா இருந்தாளா? ஏறாத படியில்லை. கண் டாக்டர் பார்த்தார், "கண்ணு நல்லா இருக்கும்மா" என்றார். எலும்பு டாக்டர் பார்த்தார், "எலும்பு நல்லா இருக்கு" என்றார். வயிற்று டாக்டர் பார்த்தார், "வயிறு நல்லா இருக்கு" என்றார். எல்லாம் நல்லா இருக்கிறது. பிள்ளை மட்டும் நல்லா இல்லை! கடைசியில் ஒருவர், "ஸ்கூலுக்குப் போகாம இருக்கப் பசங்க நடிப்பாங்கம்மா, நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்க" என்று சொல்லி அனுப்பினார். நடக்கவே தெம்பில்லாத பிள்ளை, நடிக்க எங்கே போய்த் தெம்பு வாங்கும்?

பிறகு வந்தார் ஒரு நரம்பியல் மருத்துவர். அவருக்கு என் நன்றி உண்டு. குறை சொல்ல வந்த மேடையில் நிறையையும் சொல்லத்தானே வேண்டும்? தசையிலும் ரத்தத்திலும் சோதனை செய்து பார்த்துவிட்டு, தங்கையை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டி குட்டி அடுப்பு இருக்குன்னு வச்சுக்கோங்கம்மா. நாம சாப்பிடுறதை எரிச்சுத் தெம்பாக்குறது அதுதான். மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. உங்க பொண்ணுக்குச் சில அடுப்பு சரியா எரியுது, சில அடுப்பு வெறுமனே புகையுது. மூளை, கண்ணு, காது, இதயம், தசைன்னு எதுக்கெல்லாம் தெம்பு அதிகம் வேணுமோ, அங்கெல்லாம் அடி விழலாம்."

"மருந்து இருக்கா டாக்டர்?"

"முழுசா குணமாக்குற மருந்து இன்னிக்கு இல்லம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா பார்த்துக்க வழி இருக்கு. காய்ச்சல் வந்தா வீட்டுல வச்சுப் பார்க்காதீங்க, உடனே வாங்க. சக்திக்கு மீறி ஓட விடாதீங்க. வயித்தைக் காயப் போடாதீங்க."

சோம்பல் அல்ல, செல்லம் அல்ல, சாபம் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல! நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே என்று தங்கை அழுதாள். அழுது முடித்து வீட்டுக்கு வந்தால், அங்கே காத்திருந்தாள் அவள் நாத்தனார்.

"அப்பவே சொன்னேன். எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு உண்டா? எல்லாம் பொண்ணு வீட்டு ரத்தம். இவ அண்ணனுக்குக் காது கேக்காது, இவளுக்கு நின்னா மூச்சு வாங்குது. பார்த்துக் கட்டியிருக்கணும்."

வாஸ்தவம். குட்டிக்கு வந்தது தாய்வழியில்தான். தங்கை பிறந்த அதே வயிற்றில் பிறந்த என் காதிலும், என் ரத்தத்துச் சர்க்கரையிலும் அதே கோளாறுதான் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரே வீட்டில் ஒருவருக்குக் கொஞ்சம் விழும், ஒருவருக்கு நிறைய விழும். ஆனால் நாத்தனார் அம்மா, ஒன்று கேட்கிறேன். என் தங்கை கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்தா இதைப் பிள்ளைக்குக் கொடுத்தாள்? இந்த மண்டபத்தில் எழுந்து நிற்கிற ஒவ்வொரு காலுக்கும், என் தங்கையைத் திட்டுகிற ஒவ்வொரு வாய்க்கும் தெம்பு தருகிற அடுப்பு அவரவர் தாய் கொடுத்ததுதான். நன்றாக எரியும்போது நன்றி சொல்ல ஒருவரும் போகவில்லை. புகைந்தால் மட்டும் பழி சொல்ல ஊரே வருகிறதே, இது என்ன நியாயம்?

இன்னொன்று. எல்லா வீட்டிலும் தாய்வழிதான் என்று இங்கிருந்து போய்ச் சொல்லிவிடாதீர்கள். சில குடும்பங்களில் தாய், தகப்பன் இருவர் வழியாகவும் சேர்ந்து வரும். சிலருக்கு யாரிடமிருந்தும் வராமல் புதிதாகவும் வரும். உங்கள் வீட்டு விவரத்தை உங்கள் மருத்துவர்தான் சொல்லவேண்டும், என்னைப் போன்ற மேடைக்காரன் சொல்லக்கூடாது.

நாத்தனாருக்கு அன்றைக்குப் பதில் சொன்னது யார் தெரியுமா? வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் கேலி செய்கிற என் மைத்துனர். அச்சகத்தில் வேலை, எந்திரச் சத்தத்தில் பேசியே பழக்கமில்லை. அவர் தன் அக்காவைப் பார்த்து, "அக்கா, நோய் அவ வழியா வந்துச்சுன்னு சொல்ற. எனக்குப் பொண்ணே அவ வழியாத்தான் வந்தா. நீ சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றார். அதோ, தூணுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார் பாருங்கள், அவர்தான். இப்போது தட்டுங்கள்! கருவி கூவினால் கூவட்டும்.

இனிமேல்தான் நான் பேச வந்தது.

குட்டிக்குப் பல்லில் சொத்தை. மயக்கம் கொடுத்துப் பிடுங்க வேண்டும் என்றார்கள். அதே பெரிய மருத்துவமனைதான். நரம்புப் பிரிவு ஒரு கட்டடம், பல் பிரிவு எதிர்க் கட்டடம். நடுவே ஒரு தோட்டமும் ஒரு கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. பல் பிரிவில் சொன்னார்கள், "ராத்திரி சாப்பாட்டோட சரி. காலையில பச்சைத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது." மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்கவேண்டும். நியாயமான விதி, எல்லாப் பிள்ளைக்கும் உள்ள விதி.

வயிற்றைக் காயப்போடாதே என்று முதல் கட்டடம் சொன்னது. காயப்போடு என்று எதிர்க் கட்டடம் சொல்கிறது. தங்கை என்ன நினைத்தாள்? "ஒரே ஆஸ்பத்திரிதானே, அவங்களுக்குத் தெரியாமலா சொல்லுவாங்க?" என்று நினைத்தாள். மருத்துவமனை என்றால் ஒரே ஆள் என்று நினைத்தாள்! அந்த ஆளுக்கு ஆயிரம் கை இருக்கிறது, ஆனால் ஒரே மூளைதான், முன்பு அங்கே சொன்னது இப்போது இங்கே நினைவிருக்கும் என்று நம்பினாள். உங்களில் எத்தனை தாய்மார்கள் அப்படி நம்பினீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஐயா, கண்காணிப்பாளர் ஐயா, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். இந்தக் கைகளை எண்ண வேண்டாம், பார்த்தால் போதும்.

காலையில் முதல் ஆளாகக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அதற்குள் ஒரு விபத்து வந்துவிட்டது. சரி, உயிர் போகிற அவசரம், முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். பிறகு இன்னொன்று வந்தது. பிறகு ஏதோ எந்திரம் மக்கர் செய்தது. வெயில் ஜன்னலைத் தாண்டி நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. பிள்ளை கேட்கிறாள்.

"அம்மா, ஒரே ஒரு பிஸ்கட்மா."

"கூடாதுடா கண்ணு. டாக்டர் திட்டுவாங்க."

"கடிக்க மாட்டேம்மா. சும்மா வாயில வச்சுக்கறேன்."

பெற்றவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் சத்தம் அடங்கிவிட்டது. மடியில் சாய்ந்துவிட்டாள். "அப்பாடா, தூங்கிட்டா" என்று தங்கை பெருமூச்சு விட்டாள்.

தூக்கமா அது?

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுக்காரருக்குப் பல் கட்ட அழைத்து வந்தவர். பொழுது போகாமல் பேச்சுக் கொடுத்தார். "ஏம்மா, பொண்ணுக்கு என்ன, முகம் இப்படி வெளுத்திருக்கு?"

தங்கை தட்டுத்தடுமாறி அந்த நோயின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்மணியின் மடியிலிருந்த பை கீழே விழுந்தது.

"கடைசியா எப்பச் சாப்பிட்டா?"

"நேத்து ராத்திரிங்க."

"அடிப்பாவி! எழுப்பும்மா அவளை! எழுப்பு!"

எழுப்பினால் எழவில்லை. கண் செருகிக் கிடந்தாள். செவிலியர், "சத்தம் போடாதீங்க, உள்ள கூப்பிடுவாங்க" என்றார். அந்த அம்மாள் கேட்கவில்லை. அறுவை அரங்கின் வாசலில் போய்க் கதவுக்கும் நிலைக்கும் நடுவே நின்றுகொண்டு, "டாக்டர் வெளிய வர்ற வரைக்கும் இந்தக் கதவு மூடாது" என்று கூவினார். மயக்க மருத்துவர் ஓடி வந்தார். நோயின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. பாவம், அவர் சொன்னது ஒன்றுதான்: "இந்தப் பேரை எங்ககிட்ட யாருமே சொல்லலையே!" அடுத்த நிமிடம் கையில் ஊசி, ஊசியில் குளுக்கோஸ், தள்ளுவண்டி, தீவிர சிகிச்சை. மறுநாள் கண் விழித்தாள் என் மருமகள். விழித்ததும் கேட்டது பிஸ்கட்.

அந்தப் பெண்மணி யார்? இதோ, இன்றைக்கு நமக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கிறாரே, இந்த அம்மாள்தான்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் தட்டி முடித்ததும் ஒன்றைக் கேளுங்கள். இவருக்கு எப்படித் தெரிந்தது? அம்மா, சொல்லட்டுமா? தலையசைத்துவிட்டார், சொல்கிறேன். இவருக்கு ஒரு மகன் இருந்தான். இதே நோய். வேறொரு மருத்துவமனை, இதே போன்ற கூடம், இதே போல் வெறும் வயிறு, இதே போல் தள்ளிக்கொண்டே போன வரிசை. அவனும் மடியில் சாய்ந்தான். இவரும் தூங்குகிறான் என்றுதான் நினைத்தார். அன்றைக்கு இவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்து, ஒலி வராமல் குறைத்துவைத்துத் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர்மேல் குற்றமில்லை. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை.

இதை ஆற அமரச் சொல்ல எனக்கு வராது. விதி சொன்ன செவிலியர் நல்லவர். வரிசையை மாற்றிய மருத்துவர் நல்லவர். சொன்ன சொல் தட்டாத தாய் நல்லவள். நரம்பியல் மருத்துவர் நல்லவர். நல்லவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள்; ஏனென்றால் ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்ல நடுவே ஓர் ஆள் இல்லை! தலைவரின் வீட்டுக்காரருக்கு அன்றைக்குப் பல் வலிக்காமல் இருந்திருந்தால்? இவர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தால்? பேச்சுக் கொடுக்காத சுபாவமாக இருந்திருந்தால்? ஒரு பிள்ளை வாழ்வதும் சாவதும், பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்காருகிறார்கள் என்கிற அதிர்ஷ்டத்திலா இருக்கவேண்டும்?

யாரது பின்னால்? "அரசாங்கம் என்ன பண்ணுது"ன்னு கேக்கறீங்களா? அண்ணே, அரசாங்கத்தைத் திட்ட இன்னொரு நாள் மைக் பிடிக்கிறேன், அதற்கு விடிய விடிய வேண்டும். இன்றைக்கு ஒரு நாற்காலி.

ஐயா, உங்கள் அலுவலகத்துக்கு நானும் தலைவரும் நேரில் வந்தோம். நீங்கள் இல்லை. உங்கள் உதவியாளர் சொன்னார், "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வந்து கேப்பாங்க சார்." கேட்கட்டுமே! சிறுநீரகம் கெட்டவர் கேட்கட்டும், புற்றுநோய்க்காரர் கேட்கட்டும், பட்டவன் பட்டதை வருகிறவனுக்குச் சொல்லட்டும். அதில் உங்களுக்கு என்ன குடி முழுகிப் போகிறது? எங்கள் ஆள் வைத்தியம் பார்க்கமாட்டார், மருந்து சொல்லமாட்டார், மாத்திரை விற்கமாட்டார். "அக்கா, உள்ள போனதும் நோய்ப் பேரை முதல்ல சொல்லுங்க. பட்டினி போடச் சொன்னா, 'குளுக்கோஸ் ஏத்தணுமா, நரம்பு டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க'ன்னு கேளுங்க. பயப்படாதீங்க, நாங்களும் இதே வழியில வந்தவங்கதான்." இவ்வளவுதான் சொல்வார். இதைச் சொல்ல அன்றைக்கு ஒருவர் இருந்திருந்தால், தலைவரின் மகன் இன்றைக்குப் பின்வரிசையில் நின்று என் பேச்சுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் என்ன சொல்லுமோ என்று பிள்ளையின் நோயை முந்தானைக்குள் மறைக்காதீர்கள். பல் டாக்டரிடம் சொல்லுங்கள், வாத்தியாரிடம் சொல்லுங்கள், பேருந்து நடத்துநரிடம்கூடச் சொல்லுங்கள். என் தங்கை வாய் திறந்து அந்தப் பெயரைச் சொன்னதனால்தான் குட்டி இன்றைக்கு அதோ மூன்றாவது வரிசையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நிறைவாக ஒன்று. நாளைக் காலை, கூடத்தின் கதவு திறக்கும்போது என் தங்கை அங்கே இருப்பாள். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள், ஒரு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டாள். அனுமதி வந்த பிறகு போகலாமே என்றேன். "அதுவரைக்கும் நோய் காத்திருக்குமாண்ணே?" என்று கேட்டாள். ஐயா, அவளுக்கும் இந்த நோயில் ஒரு பங்கு இருக்கிறது. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் தொடை நடுங்கும், மூச்சு வாங்கும், பிடித்துக்கொள்ளச் சுவர் தேடுவாள். நாற்காலி கொடுத்தால் உட்கார்ந்து பேசுவாள். கொடுக்காவிட்டால் நின்று பேசுவாள். நிற்க முடியாமல் விழுந்தால், விழுந்த இடத்திலிருந்தே பேசுவாள். பெற்றவள் ஐயா அவள்! கூடப் பிறந்தவன் சொல்லியே கேட்காதவள், உங்கள் காவலாளி சொல்லியா கேட்பாள்?

தலைவர் அவர்களுக்கு நன்றி. குறுக்கே பேசிய அண்ணனுக்கும் சிரித்த தம்பிக்கும் நன்றி. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களுக்கு என் தலை தாழ்ந்த நன்றி. கண்காணிப்பாளர் ஐயா, உங்களுக்கு மட்டும் நன்றி சொல்லாமல் இறங்குகிறேன். மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். நாளைக் காலை நான் அங்கே வருவேன். என் தங்கை உட்கார்ந்திருந்தால், உங்கள் அறைக்கே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.

வணக்கம்.